கை புதிதாகக் கற்கும் வேகத்தில் மறதி நோயின் தொடக்கம் தெரியுமா?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 68 வயது. சில மாதங்களாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறார், பொருளை வைத்த இடம் மறந்துபோகிறது. ஆனால் பூ கட்டுவதும் கோலம் போடுவதும் முன்பு போலவே கச்சிதமாக இருக்கின்றன. கைக்குப் புதிதாக ஒரு வேலையைப் பழக்கிப் பார்த்தால் டிமென்ஷியாவின் ஆரம்பம் தெரியும் என்கிறார்களே, உண்மையா? வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

ஓரளவுக்கு உண்மை. ஆனால் எந்த வேலையைப் பழக்குகிறோம், எதை அளக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தவறான வேலையைத் தேர்ந்தெடுத்தால், டிமென்ஷியாவின் பரவலான வகையான அல்சைமர் நோய் உள்ளவர்கூட அதில் நன்றாகத் தேறிவிடலாம்.

முதலில் பூ கட்டுவதைப் பார்ப்போம். பத்து வயதில் பழகிய கைவேலை அறுபது வருடம் கழித்தும் கையில் நிற்பதற்கும், இன்று காலை சாவியை எங்கே வைத்தோம் என்பது நினைவில் நிற்பதற்கும் மூளை வெவ்வேறு பாதைகளைப் பயன்படுத்துகிறது. பழகித் தேய்ந்த கைவேலை, மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா, சிறுமூளை, அசைவை ஆளும் இயக்கப் புறணி ஆகியவற்றின் பொறுப்பு. அன்றன்று நடப்பதைப் பதிந்துவைப்பது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. அல்சைமர் நோய் ஹிப்போகேம்பஸையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் முதலில் தாக்குகிறது, கைவேலைக்கான பகுதிகளை வெகுநாள் விட்டுவைக்கிறது. அதனால் பூ கட்டுவது நன்றாக இருக்கிறது என்பது நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. பல குடும்பங்கள் இதைப் பார்த்துத்தான் "அம்மாவுக்கு ஒன்றுமில்லை" என்று இரண்டு மூன்று வருடங்களைக் கடத்திவிடுகின்றன. பார்க்க வேண்டியது, கைக்குப் பழக்கமே இல்லாத ஒன்றை இன்று கொடுத்தால் என்ன ஆகிறது என்பதை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் சோதனைக்குப் போகக் கூடாது. ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக இரண்டு பக்க ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியையும் அறுவை செய்து எடுத்தார்கள். அதன் பிறகு அவரால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார். தன் கையை நேரே பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். நாளுக்குப் பத்து முறையாக மூன்று நாள். மூன்றாம் நாள் மொலேசனின் கை அழகாகத் தேறிவிட்டது. ஆனால் அந்த வேலையை இதற்கு முன் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை.

அப்படியென்றால் ஹிப்போகேம்பஸ் கெட்டாலும் கை கற்கத்தானே செய்கிறது, கைவேலையை வைத்து அல்சைமரை எப்படிப் பிடிப்பது? இந்தக் கேள்வி நியாயமானது. 1987இல் நிசன் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த சோதனைகளிலும் இதே கதைதான். திரையில் நான்கு இடங்களில் மாறி மாறி விளக்கு எரியும், எரியும் இடத்துக்கு நேரான பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு எரியும் வரிசை திரும்பத் திரும்ப வருகிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். அல்சைமர் நோயாளிகளில் பலரும், வரிசை இருப்பதை அறியாமலேயே, போகப் போக வேகமாக அழுத்தினார்கள். ஆக, தன்னை அறியாமல் கை பழகும் வகைச் சோதனை ஆரம்பநிலையைக் கண்டுபிடிக்க உதவாது.

உதவுவது வேறு வகை. எந்தக் கைவேலையிலும் தொடக்கத்தில் ஒரு "யோசிக்கும் கட்டம்" உண்டு. எதற்குப் பிறகு எது, கரண்டியை எந்தச் சாய்வில் பிடிப்பது, போன தடவை ஏன் சிந்தியது என்று மனம் கணக்குப் போடும் நேரம் அது. அப்போது மூளையின் முன்மடலும் உச்சிமடலும் ஹிப்போகேம்பஸும் சேர்ந்து வேலை செய்கின்றன. பிறகு அந்தப் பொறுப்பு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, யோசிக்காமலே நடக்கும் பழக்கமாகிறது. ஆரம்பநிலை அறிவாற்றல் குறைவு தெரிவது இந்த யோசிக்கும் கட்டத்தில்தான், அதாவது முதல் சில சுற்றுகளில் எவ்வளவு தேறுகிறார், தேறியதில் எவ்வளவு ஒரு வாரம் கழித்து நிற்கிறது என்பதில். கை வேகமா மெதுவா என்பது இரண்டாம் பட்சம். மூட்டு வலிக்காரர் மெதுவாகத்தான் செய்வார், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் முன்னேறுவார். அது போதும்.

இதைக் கைவேலைக்கு வெளியேயும் பார்த்திருக்கிறார்கள். கெவின் டஃப் என்ற நரம்பு உளவியலாளர், டிமென்ஷியா அளவுக்குப் போகாத லேசான அறிதிறன் குறைபாடு உள்ள முதியவர்களுக்கு ஒரே நினைவாற்றல் தேர்வை ஒரு வாரம் விட்டு இரண்டாம் முறை வைத்தார். இரண்டாம் முறை மதிப்பெண் ஏறாதவர்களுக்கு ஓராண்டில் சரிவு அதிகமாக இருந்தது. முதல் மதிப்பெண்ணைவிட அந்த ஏற்றமே கூடுதலாகப் பேசுகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிட்னி ஷேஃபர் இதே எண்ணத்தைக் கைக்குக் கொண்டுவந்தார். டஃப்புடன் சேர்ந்து அவருடைய குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், நினைவாற்றல் சார்ந்த லேசான குறைபாடு உள்ளவர்களிடம் நேரக் கணக்கு வைத்த ஒரு கைவேலை, அடுத்த ஓராண்டில் அன்றாட வேலைகளில் சரிவு வருமா என்பதைக் கணிக்க உதவியது. அந்தக் கைவேலைக்கு வேண்டிய சாமான்: நான்கு கிண்ணம், ஒரு கரண்டி, முப்பது ராஜ்மா.

அந்த வேலையை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அளவுகளில் தவறினால் எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

ஒரு பலகையையோ தடித்த அட்டையையோ எடுத்துக்கொள்ளுங்கள். உட்காருபவருக்கு நேர் எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இது தாய்க் கிண்ணத்தின், அதாவது விதைகளை வைத்துத் தொடங்கும் கிண்ணத்தின் மையம். அதிலிருந்து நேர் முன்னால் 16 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. மற்ற இரண்டும் அதே 16 செ.மீ. தூரத்தில், இடமும் வலமும் 40 டிகிரி சாய்வில் வரும். கோணமானி இல்லையென்றால், தாய்ப் புள்ளியிலிருந்து முன்னால் 12.3 செ.மீ., பக்கவாட்டில் 10.3 செ.மீ. என்று அளந்தால் அதே இடம் வந்துவிடும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே 10.9 செ.மீ. தான் இருக்கும். ஆகவே கிண்ணத்தின் வாய் அகலம் 9.5 செ.மீ. அளவில் இருக்கட்டும். 10.5 செ.மீ.க்கு மேல் போனால் கிண்ணங்கள் ஒன்றையொன்று இடிக்கும், கரண்டி தட்டும். உயரம் ஏறக்குறைய 6 செ.மீ. நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஒட்டாமல் விட்டால் அவசரத்தில் கிண்ணம் நகரும், நேரம் கூடும், அதைக் கற்றல் குறைவு என்று தப்பாக எண்ணுவீர்கள். அடி தட்டையான கிண்ணத்தில் கடைசி இரண்டு மூன்று விதைகளை அள்ளுவது கஷ்டம், அடி குழிந்த கிண்ணத்தில் சுலபம். எது இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அடுத்த முறையும் அதே கிண்ணம், அதே டீஸ்பூன்.

தாய்க் கிண்ணத்தில் எண்ணி 30 ராஜ்மா. வேலை இடது கைக்கு, இடது கைப்பழக்கக்காரருக்கு வலது கைக்கு. அதாவது பழகாத கைக்கு. ஒவ்வொரு தடவையும் கரண்டியில் சரியாக இரண்டு விதை அள்ளி, முதலில் வேலை செய்யும் கையின் பக்கத்துக் கிண்ணத்தில், பிறகு நடுக்கிண்ணத்தில், பிறகு எதிர்ப்பக்கக் கிண்ணத்தில் போட வேண்டும். இந்த மூன்று நடை ஐந்து முறை, மொத்தம் 15 நடை. 30 விதையும் தீர்ந்தால் ஒரு சுற்று முடிந்தது. "முடிந்தவரை வேகமாக, சிந்தாமல்" என்று மட்டும் சொல்லுங்கள். கரண்டியை எடுத்ததும் ஸ்டாப்வாட்ச், கடைசி விதை விழுந்ததும் நிறுத்து.

நம் வீடுகளில் இதைச் செய்யும்போது இரண்டு விஷயம் குறுக்கே வரும். ஒன்று, சாப்பாட்டுப் பொருளை இடது கையால் தொடுவது பெரியவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சமே கையைத் தயங்கவைக்கும். பருப்புக்குப் பதில் ஒரே அளவான புளியங்கொட்டையோ பல்லாங்குழிச் சோழியோ வைத்துக்கொள்ளலாம். ராஜ்மாவோடு ஒப்பிட முடியாதுதான், ஆனால் வீட்டில் நீங்கள் ஒப்பிடப்போவது அவரை அவரோடேயே. இரண்டு, வாழ்நாள் முழுக்கக் கையால் சாப்பிட்டவருக்குக் கரண்டியே அந்நியம். முதல் சுற்று மிக மெதுவாக இருக்கும், அதனால் பிறகு வரும் முன்னேற்றம் பெரிதாகத் தெரியும். வேறு நாட்டு ஆய்வின் நேர அளவுகளை எடுத்து இங்குள்ள ஒருவர் மேல் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வுக்கூட முறையை வீட்டுக்கு ஏற்றபடி இப்படிச் சுருக்கிக்கொள்ளலாம்:

1. தொடங்குமுன் மூன்றே நடை செய்து காட்டச் சொல்லுங்கள். சொன்னது புரிந்ததா என்று பார்க்க மட்டும். அதற்கு மேல் பழக்கிவிட்டால் நீங்கள் அளக்க வேண்டியதே கரைந்துபோகும்.

2. ஆறு சுற்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. விதைகளைத் திரும்பத் தாய்க் கிண்ணத்தில் கொட்டி எண்ணுவது உங்கள் வேலை. அவரை எண்ணவைத்தால் கை தேவையில்லாமல் களைக்கும்.

3. ஒவ்வொரு சுற்றிலும் மூன்றைக் குறியுங்கள்: நேரம், வெளியே சிந்தியது எத்தனை, கிண்ண வரிசை மாறியது எத்தனை முறை. சிந்தியதை எடுக்கவிட வேண்டாம், தொடரச் சொல்லுங்கள்.

4. நடுவில் "சபாஷ்", "கரண்டியைச் சாய்த்துப் பிடிங்கம்மா" என்று எதுவும் வேண்டாம். யோசனை சொல்லித் தருவது அவருடைய மூளை செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்வது.

5. ஒரு வாரம் கழித்து, அதே நேரம், அதே மேசை, இரண்டே இரண்டு சுற்று. இடையில் பலகையைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள்.

கணக்கு எளிது. உதாரணத்துக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். முதல் சுற்று 62 விநாடி, ஆறாவது 48. நேரம் 14 விநாடி இறங்கியிருக்கிறது, முதல் நேரத்தில் அது சுமார் 23 சதவீதம். ஒரு வாரம் கழித்து முதல் சுற்று 50 விநாடி என்றால், தேறிய 14 விநாடியில் 12 நிற்கிறது. கற்றது தங்கியிருக்கிறது. மாறாக அது 60 விநாடி என்றால் 14இல் 2தான் மிச்சம், ஏறக்குறைய புதிதாகத் தொடங்கியது போல. இன்னொரு விதமும் உண்டு. 62, 51, 66, 49, 63, 58 என்று ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. சராசரி மோசமில்லை என்று தோன்றும். ஆனால் இந்த ஏற்ற இறக்கம் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. கவனம் விட்டு விட்டு வருகிறது என்பதன் அடையாளம் அது. ஆகவே சராசரியை மட்டும் எழுதிவைக்காதீர்கள், ஆறு எண்ணையும் எழுதுங்கள்.

"எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் நோய்?" என்று கேட்பீர்கள். வீட்டுப் பலகைக்கு அப்படி ஓர் எல்லைக்கோடு கிடையாது. யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் நம்ப வேண்டாம். இந்த வேலையின் பலன், ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் விட்டு அதே ஆளிடம் திரும்பச் செய்யும்போதுதான் முழுமையாக வரும். வாரா வாரம் செய்தால் கை பழகி உச்சத்தில் நின்றுவிடும், அதன் பின் அளக்க ஒன்றுமிருக்காது.

பலகை எதுவும் இல்லாமல் மருத்துவர்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்தபடியே செய்யும் சோதனை ஒன்று உண்டு. சோவியத் நரம்பு உளவியலாளர் அலெக்ஸாண்டர் லூரியாவின் மூன்று படிச் சோதனை. கையை முஷ்டியாக்கி மேசையில் வைப்பது, பிறகு வெட்டுவது போலக் கையின் ஓரம் படும்படி வைப்பது, பிறகு உள்ளங்கை படும்படி வைப்பது. குத்து, வெட்டு, தட்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நோயாளியிடம் இந்த வார்த்தைகளைச் சொல்லக் கூடாது. வாய் வார்த்தை கிடைத்தால் கை அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும், சோதனை எளிதாகிவிடும். 2000ஆம் ஆண்டில் புரூனோ டுபுவாவின் குழு உருவாக்கிய முன்மடல் மதிப்பீட்டுத் தொகுப்பில் இது ஆறில் ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் 3, மொத்தம் 18 மதிப்பெண். மருத்துவர் எதிரே உட்கார்ந்து தன் இடது கையால் மூன்று முறை செய்து காட்டுவார். நோயாளி வலது கையால் முதலில் அவரோடு சேர்ந்து, பிறகு தனியாகச் செய்ய வேண்டும். தனியாகத் தொடர்ந்து ஆறு வரிசை சரியாக வந்தால் 3. குறைந்தது மூன்று வந்தால் 2. தனியாக வராமல், மருத்துவரோடு சேர்ந்து மூன்று வந்தால் 1. அதுவும் வராவிட்டால் 0.

மதிப்பெண்ணைவிட எப்படித் தவறுகிறார் என்பதுதான் இதில் அதிகம் சொல்லும். முஷ்டியிலேயே நின்று அதையே திரும்பத் திரும்ப வைத்தால் முன்மடலின் "நிறுத்தி மாற்று" என்ற வேலை தளர்ந்திருக்கிறது. நடுவிலுள்ள ஓரத்தை விட்டுவிட்டு முஷ்டி, உள்ளங்கை என்று இரண்டாகச் சுருக்கிக்கொள்வது மிக அடிக்கடி நடப்பது. வரிசை சரியாக இருந்து வேகம் மட்டும் குறைவாக இருந்தால், அது மூட்டோ பார்க்கின்சனோ வயதோ, எதுவாகவும் இருக்கலாம். மருத்துவரோடு சேர்ந்து செய்யும்போது வந்து, தனியே விட்டதும் நொறுங்குவது தனியாகக் குறிக்க வேண்டியது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நினைவாற்றலில் மட்டும் தொடங்கும் அல்சைமர்காரர் இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கலாம். முன்மடலைத் தாக்கும் வகை டிமென்ஷியாவும் இரத்தக்குழாய் அடைப்பால் வரும் வகையும் இதில் சீக்கிரம் மாட்டும். அதனால் லூரியா சோதனையில் தேறியதை வைத்து அம்மாவின் மறதியை ஒதுக்கிவிடக் கூடாது.

ஜப்பானில் குன்மா பல்கலைக்கழகத்தின் யமகுச்சி 2010இல் வெளியிட்ட நரி–புறாச் சோதனையும் இதோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஒரு கையால் நரி முகம்: சுட்டுவிரலும் சுண்டுவிரலும் காது போல நிமிர்ந்திருக்க, மற்ற இரண்டு விரலும் பெருவிரலோடு சேரும். பிறகு இரண்டு கையையும் குறுக்காக வைத்துப் பெருவிரல்களைக் கோத்துப் புறா. "என் கையை நன்றாகப் பாருங்கள், அதே மாதிரி வையுங்கள்" என்பது மட்டுமே கட்டளை. நரி என்றோ புறா என்றோ சொல்லக் கூடாது. நரி பலருக்கும் வந்துவிடும், லேசான அல்சைமரிலேயே புறாவில் தடுமாற்றம் தெரியும். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தக் கை எதன் மேல் குறுக்கே போகிறது என்பதில் தவறுவார்கள். இது உச்சிமடலின் இடவறிவைப் பார்க்கிறது. பார்த்ததை அப்படியே செய்வதுதானே தவிர இதில் கற்பது எதுவுமில்லை. எனவே ராஜ்மா வேலைக்கு மாற்றாக இதைக் கொள்ள வேண்டாம். ஆனால் எழுத்தறிவு தேவையில்லை என்பது இதன் பெரிய பலம்.

அந்தப் பலம் நமக்கு ஏன் முக்கியம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1975இல் வந்த எம்.எம்.எஸ்.ஈ.யும் 2005இல் வந்த மோக்காவும் மறதியைச் சோதிக்க மருத்துவர்கள் வைக்கும் 30 மதிப்பெண் தேர்வுகள். எழுது, படி, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழி, கடிகாரம் வரை என்று போகும். மோக்காவில் 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொடுப்பார்கள். பள்ளிக்கே போகாத பாட்டிக்கு அந்த ஒரு மதிப்பெண் எம்மாத்திரம்? பென்சிலைப் பிடித்தே பழகாதவர் கடிகாரம் வரைவதில் தவறினால் அது மூளையின் குறையா, பள்ளிக்கூடத்தின் குறையா? கைவேலைச் சோதனை இந்தச் சிக்கலைப் பெரிதும் குறைக்கிறது. முழுவதும் நீக்குகிறது என்று சொல்ல மாட்டேன். தேர்வு என்ற சூழலே பழக்கமில்லாதவருக்கு ஸ்டாப்வாட்ச்கூடப் பதற்றம் தரும்.

கணினியும் கைபேசியும் இந்தத் துறைக்குள் வந்துவிட்டன. ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் ஜேன் ஆல்டி குழு, விசைப்பலகையில் விரலால் தட்டவைத்தும் வெப்கேமராவில் கை அசைவைப் பதிந்தும் அறிவாற்றல் குறைவின் அடையாளங்களைத் தேடிவருகிறது. கண்ணுக்குத் தெரியாத தாளப் பிசகுகள் அங்கே மில்லிவிநாடியில் கிடைக்கின்றன. ஆனால் கடையில் கிடைக்கும் செயலி ஒன்று இரண்டு நிமிடம் திரையைத் தட்டவைத்து "உங்கள் மூளைக்கு ஆபத்து இத்தனை சதவீதம்" என்று காட்டினால், அந்த எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

ஏன் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். முதியவர்களிடம் நாடு தழுவி நடத்தி 2023இல் வெளியான லாசி-டாட் ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. ஆயிரம் பேரை எடுத்தால் 74 பேர். ஒரு சோதனை, நோய் உள்ளவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல சோதனைதான். 74 பேரில் 59 பேரைப் பிடிக்கும். மீதி 926 பேரில் 185 பேரையும் தவறாகப் பிடிக்கும். ஆக, "இருக்கலாம்" என்று சொல்லப்பட்ட 244 பேரில் உண்மையில் நோய் உள்ளவர் நான்கில் ஒருவர்தான். ஏற்கெனவே மறதி அறிகுறி உள்ளவரிடம் செய்யும்போது இந்த விகிதம் மாறும். அதனால்தான் தெருவில் போகிற எல்லோரிடமும் செய்வதைவிட, உங்கள் அம்மாவைப் போலச் சந்தேகம் எழுந்தவரிடம் செய்வதற்குப் பொருள் இருக்கிறது.

இனி எண்ணைக் கெடுப்பவை. இவற்றைச் சரிபார்க்காமல் ஒரு சுற்றுகூடச் செய்யாதீர்கள்.

முதலில் மாத்திரைச் சீட்டு. இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். தூக்கத்துக்கு அல்பிரசோலம், குளோனசெபம் எடுப்பவருக்குப் புதிதாகக் கற்பது மங்கும். நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாமைக்கு ஆக்ஸிபியூட்டினின், கை நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில், சளி மாத்திரையில் கலந்திருக்கும் குளோர்ஃபெனிரமின் ஆகிய எல்லாம் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தியைத் தடுப்பவை. நினைவுக்கும் கற்றலுக்கும் அதே அசிட்டைல்கோலின்தான் வேண்டும். மூன்று மருத்துவர்களிடம் மூன்று சீட்டு வாங்கிச் சாப்பிடும் முதியவரிடம் இவற்றில் இரண்டு சேர்ந்திருப்பது சாதாரணம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலம் வகையைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

அடுத்து கையும் கண்ணும் காதும். விரல் மூட்டு வாதம், விரல் மடங்கிச் சிக்கிக்கொள்ளுதல், சர்க்கரையால் விரல் நுனி மரத்துப்போதல், பழைய பக்கவாதம் ஆகியவை வேகத்தைக் குறைக்கும். கற்றலை அவ்வளவாகக் குறைக்காது. கண்புரை இருந்தால் சிந்துவது கூடும். கட்டளை காதில் விழாவிட்டால் வரிசை தவறும், அதை மறதி என்று எழுதிவிடுவீர்கள். கண்ணாடியும் காதுக் கருவியும் போட்ட பிறகே உட்காரவையுங்கள். பார்க்கின்சன் நோய் இருந்தால் மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். அந்த நோயில் அசைவு வரிசை கற்பதே பாதிக்கப்படும், எனவே எண்ணை நரம்பியல் மருத்துவர்தான் படிக்க வேண்டும்.

மனச்சோர்வு இன்னொரு பெரிய குழப்பம். சோர்ந்தவர் "எனக்கு இதெல்லாம் வராது" என்று தொடங்கும்போதே கைவிடுவார், மெதுவாகச் செய்வார். தொடங்குமுன் தட்டிக்கொடுத்துச் செய்யவைத்தால் சுற்றுக்குச் சுற்று தேறுவது உண்டு. அந்தத் தேறுதல் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டையும் பிரித்தறியக் கொஞ்சம் உதவும். காய்ச்சல் நாள், தூக்கம் கெட்ட மறுநாள், வீட்டில் துக்கம் நடந்த வாரம் ஆகியவற்றைத் தவிருங்கள். காலை உணவுக்குப் பிறகு, டிவி அணைத்த அறையில், ஒருவர் மட்டும் எதிரே இருந்தால் போதும். பேரக்குழந்தைகள் கூடி நின்று சிரித்தால் அந்த நாளின் எண்ணைத் தூக்கிப்போட்டுவிடலாம்.

அவரிடம் என்ன சொல்லிச் செய்வது? விளையாட்டு என்று பொய் சொல்லாதீர்கள். "மறதி இருக்குன்னு நீங்களே சொன்னீங்களேம்மா, கை புதுசா எப்படிப் பழகுதுன்னு பார்த்து டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆரம்பநிலையில் இருக்கும் பலருக்குத் தங்கள் சரிவு தெரியும், அது அவர்களை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும். மறைத்துச் சோதித்தால் அடுத்து மருத்துவமனைக்கே வர மறுப்பார்.

பலகை இல்லாமலே, இதே தகவலை வீட்டிலிருந்து திரட்டவும் முடியும். கடந்த ஓராண்டில் வீட்டுக்குள் வந்த புதுப் பொருள் எது? இண்டக்ஷன் அடுப்பா, புது மிக்ஸியின் மூடிப்பூட்டா, ஸ்மார்ட் டிவி ரிமோட்டா, திறக்கும் விதம் மாறிய கைபேசியா? எத்தனை முறை காட்டிக்கொடுத்த பிறகு தானே செய்தார், ஒரு வாரம் தொடாமல் இருந்துவிட்டு வந்தபோது நினைவிருந்ததா? பழைய காஸ் அடுப்பில் கண்ணை மூடிக்கொண்டு சமைப்பவர், இண்டக்ஷன் அடுப்பின் மூன்று பொத்தான் வரிசையை இருபதாவது முறையும் கேட்கிறார் என்றால், அதை ராஜ்மாச் சுற்றின் எண்களுக்குச் சமமாக மதிக்கிறேன். பூ கட்டத் தெரிந்தவரிடம், அவர் இதுவரை கட்டாத ஒரு முடிச்சைக் காட்டிக்கொடுத்து மறுநாள் கேட்பதும் அப்படித்தான்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதற்குக் கைச்சோதனைக்காகக் காத்திருக்காதீர்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, பணக்கணக்கில் புதிதாகக் குழப்பம், மாத்திரையை இரண்டு முறை விழுங்குவது ஆகியவற்றில் ஏதாவது ஆறு மாதத்துக்குள் கூடியிருந்தால் இப்போதே போகலாம். சில நாட்களிலோ வாரங்களிலோ திடீரென்று குழப்பம் வந்தால், அல்லது தலையில் அடிபட்ட பிறகு வந்தால், அன்றே போக வேண்டும். மண்டையோட்டுக்குள் இரத்தக் கசிவு, தொற்று, உப்புச்சத்துக் குறைவு போன்றவை அப்படி வரும்.

கேள்வியில் சொன்ன நிலைக்கு நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவப் பிரிவு சரியான இடம். சென்னையில் இருப்பவர்கள் கிண்டியில் உள்ள தேசிய முதியோர் நல மையத்துக்குப் போகலாம். எங்கே போனாலும் வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, சோடியம், ரத்தசோகை ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மூளை ஸ்கேனும் எடுப்பார்கள். பி12 குறைவும் தைராய்டு குறைவும் மறதியாகவே வெளிப்படும், மருந்தால் சரியாகக்கூடியவை. வீட்டிலுள்ளவரிடம் ஏடி8 என்ற எட்டுக் கேள்விப் பட்டியலைக் கேட்கலாம். "முன்பு இல்லாத மாற்றம்" என்ற பதில் இரண்டோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு பார்ப்பார்கள். புதுக் கருவியைப் பழகுவதில் சிரமம் உண்டா என்பது அந்த எட்டில் ஒன்று. கை கற்பதைப் பற்றிய இந்தப் பேச்சு அங்கே ஏற்கெனவே நுழைந்திருக்கிறது.

போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: மறதி தொடங்கிய மாதம், முதலில் கவனித்த சம்பவம், எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும், படிப்பு, எந்தக் கைப்பழக்கம், கண் காது நிலை, புதுப் பொருளைப் பழகிய விதம். ராஜ்மா வேலை செய்திருந்தால் ஆறு சுற்றின் நேரம், சிந்திய எண்ணிக்கை, வாரம் கழித்து வந்த இரண்டு நேரம், செய்த நாளும் மணியும். உங்கள் முடிவை எழுத வேண்டாம், எண்களை மட்டும் எழுதுங்கள். அந்தத் தாளின் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும், அடுத்த வருடம் அதே பலகையை எடுக்கும்போது வேண்டியிருக்கும்.